முக்காலி ஆடாது

பிரெஸ்ட் துறைமுகத்தில் நாலாவது நாளாக மழை.
ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியெங்கும் பிரிடீன் வாடை.
மீன்சந்தையிலிருந்து வருகிறதென்று
புதிதாய் வந்த துப்புரவாளர்
சன்னலைச் சாத்திவிட்டுப் போகிறார்.
வாடை இப்போது உள்ளே.

எனோரா கெர்வெல்லா திருத்தவில்லை.
கையில் ஆர்கான் குழாய்,
குடுவையில் வெளிர்மஞ்சளாய்த் தாமிரம்,
தாமிரத்தைச் சுற்றி
பதினொரு வாரம் அவள் கட்டிய மூலக்கூறு:
நடுவில் ஒரு நைட்ரஜன்,
அதிலிருந்து மூன்று கைகள்,
கைக்கொரு பிரிடீன் வளையம்,
வளையத்துக்கொரு நைட்ரஜன்.
ஆக நாலு பிடி.
முக்காலி ஆடாது.
காலடியில் காகிதம் மடித்து வைப்பதெல்லாம்
நாற்காலிக்குத்தான்.

ஐந்தாவது பக்கம் வாசல்.
அங்கே கரைப்பானின் மூலக்கூறு ஒன்று
கடைசிப் பேருந்துக்கு நிற்பவனைப்போல்
பிடித்தும் பிடிக்காமலும்.

சுழியத்துக்குக் கீழே எழுபத்தெட்டு பாகை.
ஊசி வழியே ஆக்சிஜனை விடுகிறாள்.
ஊதா!
சிப்பியின் உட்புறத்து ஊதா
அடியிலிருந்து மேலேறுகிறது.
இரண்டு தாமிரங்கள்,
நடுவே ஆக்சிஜன் இணை ஒன்று,
ஆளுக்கொரு முனை பிடித்துப்
போர்வை உதறுவதுபோல்.

ரென் நகரிலிருந்து வரவேண்டிய உலர்பனி
வேலைநிறுத்தத்தில் நிற்கிறது.
பெட்டியில் மிச்சம் ஒரு கைப்பிடி,
அதுவும் புகை.

கூல்வென் இரவுச் சாப்பாட்டுக்கு
வாங்கிவந்த சிலந்தி நண்டு
பையிலேயே கால் முறிந்திருந்தது.
முறிவில் கசிந்த துளி
முதலில் நிறமில்லை.
காற்றுப் பட்டதும் மெல்ல நீலம்.
"பார், இங்கேயும் இரண்டு தாமிரம்,
ஒவ்வொன்றுக்கும் மூன்று பிடி" என்கிறான்.
"உன் பனிக்கட்டி கேட்டதா இது?
பன்னிரண்டு பாகைக் கடலில்
பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது."

அவள் நண்டைப் பார்க்கவில்லை.
குடுவையில் ஊதா கலங்கிப்
பச்சையாகிக்கொண்டிருந்தது.

தமிழில் இதற்கு ஈந்தணைவி என்று பெயர்.
ஈந்து, அணைவது.
அணைவதென்றால்
விளக்கு போவதும்தான் என்று
அவளுக்கு யார் சொல்வது.

குறிப்பேட்டில் எழுதினாள்:
ஏழு நாற்பத்திரண்டு. பச்சை.
கீழே பென்சிலில்,
ஒரு கையில் மீத்தைல் தொங்கவிட்டால்?
பிடி கொஞ்சம் தளருமா?
கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்தி வரைந்தாள்.

பிறகு நண்டைச் சாப்பிட்டார்கள்.
உப்பு குறைவு.
மழை விடவில்லை.