படம் 2: அம்புக்குறியைப் பார்க்கவும்

கடலூரில் ஓ.டி. என்றால் முதுநகர்.
எங்களுக்கு மட்டும்
மாடியில் பச்சைத் திரை போட்ட அறை.
"நாளைக்கு ஓ.டி.க்குப் போகணும்" என்றதும்
தனக்கோடி பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினாள்.
சிஸ்டர் எமிலி ரோஸ் சிரிக்க
அவளும் சிரிக்க
சிரிப்பு இருமலாகி
அடங்க நான்கு நிமிடம்.

பதினோரு மாத இருமல்.
அதில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை.
சிறுநீர் ஆரஞ்சாகப் போனதுதான் மிச்சம்,
சளியில் கிருமி ஒருமுறையும் இல்லை.
காடாம்புலியூரில் முந்திரி உடைப்பவள்.
ஓட்டுப் பால் தின்ற விரல்களில் ரேகை கிடையாது.
ஒப்புதல் படிவத்தில் அவள் பெருவிரல்
வெறும் நீல வட்டம்.

அன்றிரவு செம்மண்டலம் வீட்டில்
மூன்று மாதம் பிந்தி வந்த மார்புநோய் இதழை
மின்விசிறிக்குப் படபடக்காமல்
சாப்பிட்ட தட்டால் அடக்கிப் படித்தேன்.
மூச்சுக்குழாயில் மூக்குத்தித் திருகு: இரு நோயாளிகள்.
படம் 2, இடது கீழ்க்கிளை, அம்புக்குறியைப் பார்க்கவும்.

அம்பு இருந்தால் யாருக்கும் தெரியும்.

எழுந்துபோய்
அவள் மார்ச் மாத எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டில் பிடித்தேன்.
இதய நிழலுக்குப் பின்னால்
அரிசிக் குருணை அளவு வெள்ளை.
புதிதல்ல. பார்த்திருக்கிறேன்.
உறைமேல் எழுதியும் இருக்கிறேன்:
"ஜாக்கெட் கொக்கி."
என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக
வேறெங்கும் விழுந்ததில்லை.

காலையில் குழாய் இறங்கியது.
தொண்டையில் மருந்துத் தூறல்,
குரல்நாண்கள் திறந்து மூடித் திறந்தன.
அப்புறம் கரைனா.
லத்தீனில் அது படகின் ஏராக்கட்டையாம்.
உப்பனாற்றுக் கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகளைப்
பார்த்து வளர்ந்தவளுக்கு
இந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.
ஏராவின் இடப்பக்கம் திரும்பினேன்.

சிவந்து பொங்கிய சதை,
நடுவே மினுக்.

இடுக்கி எவ்வளவு திறக்க வேண்டும்,
ரத்தம் கசிந்தால் எத்தனை மில்லி குளிர்ந்த உப்புநீர்,
இதழ் எல்லாம் சொல்லியிருந்தது.
மூன்றாம் முறையும் நழுவும்போது
பின்னால் நிற்பவர்கள் ஏன் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதை
எந்த இதழும் போட்டதில்லை.
நான்காவதில் வந்தது.

மயக்கம் தெளிந்து அவள் கேட்ட முதல் கேள்வி,
"தங்கந்தானே? குடுத்துடுவீங்கல்ல?"
ஓட்டுக் குவியலை இரண்டு நாள் சலித்தாளாம்.
கிடைக்காமல்
திருகில்லாத மூக்குத்தியைப் பண்ருட்டியில் அடகு வைத்தாளாம்,
இங்கே வந்துபோக.
வரைதாள்மேல் வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.
ஆறு மில்லிமீட்டர்.
பஞ்சில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மார்ச்சிலேயே பார்த்தேன், தப்பா நினைச்சுட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
"கொக்கி வாங்கக் காசேது டாக்டர்,
அது ஊக்கு."

கட்டுரை எழுதினேன்.
எண்ணூறு சொல்லுக்குள் முடிக்கச் சொன்னார்கள்.
மதிப்பாய்வாளர் இருவரில் ஒருவருக்குப் படம் தெளிவில்லை.
இன்னொருவர் கேட்டார்: தாமதத்துக்குக் காரணம் யாது?
"முதல் படத்தில் தெரிந்தது.
ஆடையின் கொக்கி என்று நான் கருதினேன்."
"கருதப்பட்டது" என்று திருத்தி அனுப்பினார்கள்.
"நான்" என்று மறுபடி எழுதி அனுப்பினேன்.
இரண்டு சுற்று.
அச்சில் கடைசியாக நின்றது "நாங்கள்".
சிஸ்டர் எமிலி ரோஸ் அதற்காக
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தனக்கோடி வந்தாள்,
இருமல் இல்லை, மூக்கில் கல்.
இதழை விரித்துக் காட்டினேன்,
இது உன் நெஞ்சுக்குள்ளே, இது திருகு.
"எம்பேரு எங்க?"
பேர் போடக் கூடாது என்றேன்,
நாற்பத்தொரு வயதுப் பெண் என்று இருக்கிறது.
ரேகையில்லாத விரல்
தலைப்புக்குக் கீழே வரிசையாய் நின்ற எழுத்துகளைத் தடவியது.

"இதெல்லாம் யாரு?"