வாள் தின்ற அளவு

நூல் சுற்றிப் பார்த்தேன். அறுபது அங்குலம்.
நாலில் ஒன்று பதினைந்து.
பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி
எட்டடி நீளத்தாலும் பெருக்கி
நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால்
பன்னிரண்டரைக் கன அடி வேம்பு.

உருண்டையைச் சதுரமென்று நினைத்துக்கொள்ளும் கணக்கு இது.
மெய்யாக அளந்தால் பதினாறைத் தொடும்.
மீதி மூன்றரை பட்டைக்கும் தூளுக்கும் என்று
யாரோ எப்போதோ ஒத்துக்கொண்டார்கள்.
என் மில்லில் இதுவரை யாரும்
அந்த மூன்றரைக்குச் சண்டை போட்டதில்லை.

இவர்கள் சண்டை வேறு.
ஆடிக் காற்றில் சாய்ந்த மரம்.
நின்றது இரண்டு கொறங்காட்டுக்கு நடுவில்.
இந்தப் பக்கம் பொங்கியண்ணன், அந்தப் பக்கம் வேலாத்தாள்.
கூடப் பிறந்தவர்கள்.
பங்கு பிரித்த பிறகு ஒரே வண்டியில் வந்தது இன்றுதான்,
டெம்போவில், கட்டையின் ஆளுக்கொரு முனையில்.

"சரிபாதியா அறுத்துக் குடுத்துருங்க" என்றார் அவர்.
"வைரம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்து அறுங்க"
என்றது அந்தம்மா.

துரைராசு வாளை மாட்டினான்.
நேற்று ராத்திரிதான் பல் தீட்டி வந்தது.
சுக்ராம் பின்னாலிருந்து தள்ள
பட்டையோடு முதல் சிலாப்பு விழுந்தது.
வேம்பு அறுக்கிற நாளில் எங்களுக்கு டீயும் கசக்கும்.

சத்தத்தை வைத்தே துரைராசு மரம் சொல்வான்.
வாகை இழுக்கும். பூவரசு முனகாது.
வெள்வேல் பல்லைக் கேட்கும்.
வேம்பு சீராகப் போகும்,
போய்க்கொண்டிருந்தது,
மூன்றாவது அடியில்
கீச்சென்று ஒரு பொறி.
வாள் அறுந்து கூரைத் தகரத்தில் மோதி
சுக்ராமின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

மோட்டாரை நிறுத்தியதும் காற்று மட்டும்.

உளி வைத்துத் தோண்டினோம்.
முள்கம்பி.
இரண்டு முள், ஒரு முறுக்கு.
சதை மூடி, மேலே பட்டையும் மூடியிருக்கிறது.
சுற்றிலும் கறுநீலம்,
நார் ஓடும் திசையில் மேலும் கீழும் ஒரு சாண்.

"அது உன்ற கம்பி."
"நான் எப்பக் கட்டுனேன்? எங்களுது கிளுவ வேலி."

அந்தக் கம்பி தன்னுடையது, தன்னுடையது என்று
பத்தொன்பது வருசம் தாலுகா ஆபீஸ் நடந்தவர்கள்.
வாள் விலை மூவாயிரத்து இருநூறு.

வளையத்தை எண்ணலாம் என்றார் பொங்கியண்ணன்.
எச்சில் தொட்டுத் தடவி எண்ணினார். பதினாலு.
வேலாத்தாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணியது.
இருபத்திரண்டு.
நானும் எண்ணினேன், ஏழுக்கு மேல் கலங்கிவிட்டது.
வேம்பு அப்படித்தான். எங்கள் மழையும் அப்படித்தான்.
பெய்த வருசத்துக்கு இரண்டு கோடு இருக்கும்,
பெய்யாத வருசம் வந்ததாகவே தெரியாது.
சாட்சிக்குக் கூப்பிட லாயக்கில்லாத மரம்.

கம்பியைக் குறடால் பிடுங்கிவிட்டு
புது வாள் மாட்டி
கறையின் நடுவில் நூல் தட்டி அறுத்தோம்.
பிரிந்து விழுந்த இரண்டு முகத்திலும்
ஒரே கறை, எதிரும் புதிருமாக.
நெலவுக்கு ஆகாது, அலமாரித் தட்டுக்கு ஆகும்,
கறைப் பக்கம் அடியில் இருக்கட்டும் என்றேன்.
இரண்டு பேரும் அடியில் பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள்.

இரண்டு பாதியையும் இனிச் சேர்த்து வைத்தாலும்
அரைக்கால் அங்குலம் குறையும்.
வாளின் கனம் அது. பல் விரிந்த அகலம் அது.
கம்பி ஓடிய இடம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.
இப்போது சாக்கில் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை பல்லடத்துக் கோழிப்பண்ணை வண்டி வரும்.
சாக்குக்கு வராததைக் காற்று முன்னமே
கரூர் ரோட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

டெம்போ கிளம்பும்போது வேலாத்தாள் இறங்கி வந்து
வாளுக்கான பணம் முழுதையும் எண்ணி வைத்தது.
அண்ணன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசீதுல கம்பீன்னு மட்டும் எழுதீராதீங்க."

அறுப்புக் கூலி, என்று எழுதினேன்.