முதல் எழுத்து பெரிசா

மனாமா, குதைபியா. சலூனுக்கு மேல் மாடி.
மூன்று அறை வீட்டை ப்ளைவுட் அடித்து
ஆறாக்கியிருந்தார் ஓனர்.
நெட் இணைப்பு என் பெயரில்,
மாதம் பன்னிரண்டு தினார்.
ஏழு பேர் ஆளுக்கு இரண்டு தருகிறார்கள்.
கணக்கு வருகிறவர்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ரிட்ஜ் உச்சியில் ரௌட்டர்,
எண்ணெய்ப் புகை படியாமலிருக்க
பிரியாணி டப்பா மூடியைத் தொப்பியாகப் போட்டபடி.
அதிலிருந்து இரண்டு வாசல்.

ஒன்றுக்குப் பெயர் ‘கடன் அன்பை முறிக்கும்’.
கடவுச்சொல் அடுப்படிச் சுவரில்,
கேஸ்காரன் நம்பருக்குக் கீழே, மார்க்கரில்.
பிஜோய் விடிய விடியப் படம் இறக்குவான்.
தம்பர் பகதூர் போகராவிலிருக்கும் மகனுக்கு
வகுத்தல் சொல்லிக்கொடுப்பான்.
அந்த வழியில் நுழைந்த ஃபோன்கள்
ஒன்றையொன்று பார்க்க முடியாது,
அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.
தும்மினால் மூன்று அறை தள்ளி
இசக்கியப்பன் ‘நூறு’ என்று சொல்லும் வீட்டில்
ஃபோன்களுக்கு மட்டும்
யாரையும் தெரியாது.

இன்னொன்று பெயர் காட்டாது.
தேடினாலும் பட்டியலில் வராது.
வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு.
ஒரே ஒரு ஃபோன்.
அப்படி அதில் என்னதான் செய்கிறேன் என்றால்,
வியாழன் இரவுகளில்
ஒரு நம்பர் கடைசியாக எப்போது
ஆன்லைனில் இருந்தது என்று பார்ப்பேன்.
அதற்கு இவ்வளவு வேகம் தேவையில்லை.

ஆகஸ்ட். சுவரெல்லாம் வியர்த்த ஒரு ராத்திரி
ஷேரி மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
இசக்கியப்பன் ஃபோனை ஏந்திக்கொண்டு வந்தான்,
தளும்பிவிடும் என்பது போல.
நாங்குநேரி ஆஸ்பத்திரியில்
பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம்.
திரையில் அது
கட்டம் கட்டமாக நின்றது.
ஒரு கட்டம் நெற்றி, ஒரு கட்டம் துண்டு,
வாய் இருக்கவேண்டிய இடத்தில்
சுற்றிக்கொண்டேயிருக்கும் வட்டம்.
‘அழுவுதா இல்லியான்னுகூடத் தெரியல அண்ணாச்சி.’

பிஜோயை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.
என் கையெல்லாம் செதில்,
வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
அது பெயராகிவிடாதபடி.
பி. ஓ. இன்னொரு ஓ.
எம்.
இந்த இடத்தில் குழாயைத் திறந்தேன், தேவையில்லாமல்.
ஏ, ஒய். ஐ. எல்.

ஒற்றை விரலால் அடித்து முடித்தவன்
சரிபார்க்க, உதட்டை அசைத்து
எழுத்துக் கூட்டினான்:
‘பூ… மயில்.’

நாலு வருஷமாக
இந்த வீட்டில் யாரும் சொல்லாதது.
ப்ளைவுட் தாண்டி ஆறு அறைக்கும் போயிருக்கும்.
யாரென்று அவன் கேட்கவில்லை.
‘முதல் எழுத்து பெரிசா அண்ணாச்சி?’
சின்னதுதான், என்றேன்.

வட்டம் நின்றது.
வாய் வந்தது, அதற்குப் பின்னால் சத்தம்.
அப்படியொரு சத்தம்.
தம்பர் பனியனோடு எழுந்து வந்தான்.
பிஜோய் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு
பெண்ணா பையனா என்றான்.
மீன் வாடையோடு நானும் எட்டிப் பார்த்தேன்.

காலையில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்தேன்.
பெயர் காட்டாததில் இரண்டு ஃபோன்கள்.
‘புதிய கடவுச்சொல்’, ஒரு காலிக் கட்டம்,
குறைந்தது எட்டு எழுத்து வேண்டுமாம்.
யோசித்துப் பார்த்தேன்.
கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடித்தது.

இந்த மாதம் இசக்கியப்பனிடம்
இரண்டு தினார் வாங்கவில்லை.
ஆறிரண்டு பன்னிரண்டு.
இப்போதும்
என் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை.