ஐந்தாவது பாட்டு

அதிகாலை நாலே முக்கால், ஸ்காபரோ.
வானில் ஹீட்டர் இன்னும் சூடேறவில்லை.
முப்பது வருசம்
அடுத்தவன் குரலுக்கு வாயசைத்த நாயகன்
அறுபது வயதில் தானே பாடி
எட்டுப் பாட்டு விட்டிருக்கிறான்.

"உவருக்கு உது தேவையோ" என்றார் அன்ரன்.
சோதிமலர் அக்காவுக்கு மெட்டுப் பிடிக்கும்;
சொல்தான் ஐஸில் வழுக்கும் ரயராம்.
மெஷின் திருத்தின சுருதி என்று
பின்சீற்றிலிருந்து தீர்ப்புச் சொன்னான் கிருபா.
கண் திறக்கவில்லை.

ஐந்தாவது பாட்டில், சரணத்துக்கு முன்னே,
ஒரு மூச்சு.
யாரோ வெட்ட மறந்தது.
மூன்றாம் மாடி ஏறி நின்றவன்
இழுக்கிற மாதிரி.

"அவற்ற குரல் மாதிரியே இல்லை" என்றார் அக்கா.
அவருடையதுதான் என்றேன்.
"அதுதான் சொல்லுறன்."

வார்டன் சந்தியில் சிவப்பு.
உப்பு லொறியொன்று இரைந்து கடந்தது.
ஆறாவது தொடங்க,
நிறுத்து என்றார் அன்ரன்.
முந்தினதை இன்னொருக்காப் போடு,
பிடிச்சதுக்கில்லை,
எங்கே பிழையெண்டு பார்க்க.

பாண் பக்டரி வாசலில்
சுப்பவைசர் குட் மோர்னிங் சொன்னான்.
நால்வரும் திருப்பிச் சொன்னோம்,
அங்கே சொல்கிற
அந்தக் குரலில்.