பதினான்காம் வரிசை

பத்து நாளுக்கு ஒருமுறை
தரங்கம்பாடிக்குக் கிழக்கே வானில் கடக்கும் அது
கடலின் முதுகை விரற்கடைக் கணக்கில் சொல்லிவிடும்:
மேடு எது, பள்ளம் எது,
எந்தச் சரிவைச் சுற்றி நீர் வடக்கே போகிறது என்று.
கரைக்கு இருபது கிலோமீட்டர் இருக்கையில்
மண்ணும் தென்னையும் எதிரொலியில் கலந்து
எண் குழம்பும்.
வரைபடத்தில் அங்கே வெள்ளை.
ஃபைபர் படகெல்லாம்
அந்த வெள்ளைக்குள்தான் வலை வீசுகின்றன.

அதை நிரப்பத்தான்
கணினியில் ஒரு பொய்க்கடல்.
காற்று கேட்டது, கொடுத்தேன்.
ஓதம் கேட்டது, கொடுத்தேன்.
பதினான்காம் வரிசையில் ஆறு கேட்டது:
காவிரி வாய், நொடிக்கு எத்தனை கனமீட்டர்?

வானகிரிப் பக்கம் வண்டியில் போய்ப் பார்த்தேன்.
மணல்திட்டு. அதன்மேல் கிரிக்கெட்.
விக்கெட்டுக்குப் பின்னால் கணுக்கால் குட்டை,
நாற்றங்கால் பச்சையில் பாசி.
திரும்பி வந்து பூஜ்யம் போட்டேன்.
ஏற்றுக்கொண்டது,
ஒரு பிழைச்செய்தி கூட இல்லாமல்.

சித்திரைக் கடலில் விட்ட ஆரஞ்சு மிதவை
பொய்க்கடலின் சொல்படி வடக்கே போகவேண்டும்.
மூன்றாம் நாள் மேற்கே திரும்பியது.
கரையேறியது.
மணிக்கு நாற்பது வேகத்தில்
திருக்கடையூர் சாலையில் போனது.

சாயங்காலம் போன்.
"மேடம், சின்னங்குடி குணபாலன் பேசுறேன்.
ஒங்க டப்பா வலையில ஏறிடுச்சு.
ரெண்டு நாளா ஒலினி இழுக்குது,
அதான் இவ்ளோ கிட்ட வந்திருக்கு.
பேட்டரிய நாங்க தொடல."

ஒலினி. கரை பார்த்த ஓட்டம்.
வெள்ளையில் பென்சிலால் ஓர் அம்பு வரைந்தேன்,
லேசாக.
பூஜ்யத்தைத் தொடவில்லை.
'ஐப்பசியில் மாற்ற' என்று
ஓரத்தில் எழுதினேன்,
கடன் சீட்டில் தேதி போடுவதுபோல.