கையுறை கொண்டுவாருங்கள்

தாப்பா ரயில் சந்திப்பில்
மூன்றாம் நடைமேடைக்குப் பின்னால் ஒரு சுவர்.
கழிவறை என்று யாரும் பலகை மாட்டவில்லை.
மாட்டாமலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
கீழிருந்து நான்காவது செங்கல், என்றது குறிப்பு.
கல்யு டார்ச்சைப் பிடித்தான்,
மூக்கைப் பிடித்தான்,
வரைபடத்தைப் பிடிக்க
மூன்றாவது கை இல்லை அவனுக்கு.

செங்கல் ஆடியது.
உள்ளே ஃபிலிம் டப்பா, மூடி பிளந்து.
நத்தையொன்று வாடகை தராமல் குடியிருந்தது.
தாள் கூழாகி
முதலில் வந்தவர் பெயரும் கடைசியாக வந்தவர் பெயரும்
ஒரே நீலக் குழம்பு.
கண்டுபிடித்தேன் என்று எழுத
அங்கே காகிதமே மிச்சமில்லை.

"ஹெல்வே, இதற்கா நூற்றிருபது கிலோமீட்டர்?"
என்றான் கல்யு.

பதினாலு வருடமாக ஜியோகேஷ் தேடுகிறேன்.
பார்க்காததா?
குப்பைத்தொட்டியின் அடிவயிற்றில்
காந்தம் வைத்து ஒட்டியதைத் தடவியிருக்கிறேன்.
ராப்லாவில் முள்கம்பிச் சுருளுக்குள் ஒன்று,
சிரமம் ஐந்து நட்சத்திரம் என்று
வைத்தவனே தனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்.
பெட்ரோல் பங்க் வேலியோரம்
வோட்கா பாட்டில் சில்லுகளுக்கு நடுவே இன்னொன்று,
பக்கத்தில் ஒரு டயப்பர்,
புதிது அல்ல.

ஒவ்வொருவருக்கும் எழுதினேன்.
என் எழுத்துக்குப் பல் உண்டு.
"டப்பா வைப்பது விருந்துக்கு அழைப்பது.
குப்பைமேட்டில் யாருக்கு இலை போடுவாய்?
இந்த நாட்டில் ஏரிக்கா பஞ்சம்?"
கோடைச் சந்திப்பில் அதை யாரோ
உரக்க வாசித்தார்கள்.
கைதட்டினார்கள்.
நானும் கொஞ்சம் தட்டினேன்.

ஜூனில் இல்மே என்றொருத்தி எழுதினாள்.
"உங்கள் வில்யாண்டி டப்பாவைத் தேடிப் போனோம்.
கையுறை கொண்டுவாருங்கள் என்று
குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.
என் மகன் ஊசியை மிதிக்கப் பார்த்தான்."

என் டப்பாவா?
என் முதல் டப்பா அது.
லைலாக் புதருக்கடியில் முழங்காலிட்டு
ஈர மண்ணை விரலால் விலக்கி வைத்தேன்.
எதிரே பெஞ்சு. தாழ்வில் ஏரி.
மேல்மாடியில் யாரோ அக்கார்டியன் பழகி
ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறவிட்டார்கள்.
அந்த இடத்தைப் பற்றி
இன்றும் என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும்.
அங்கே திரும்பிப் போனதில்லை, அவ்வளவுதான்.

அஞ்சல் பெட்டியின் ஒரு மூலையில்
திறக்காத செய்திகள் பதினேழு.
"ஈரமாகிவிட்டது" என்றது முதலாவது.
மிக மரியாதையாக.
ஒன்பது வருடத்துக்கு முன்.

போனோம்.
பெஞ்சில் பலகை இல்லை, இரும்பு மட்டும்.
சுவரை உடைத்து
ஒரு கடை தன் பின்கதவைத் திறந்திருந்தது.
லைலாக் பூத்துத்தான் இருந்தது,
மீன்பெட்டிகளின் மேல்,
எந்த வெட்கமும் இல்லாமல்.
டப்பாவுக்குள் கறுப்புத் தண்ணீர்,
ஒற்றைக்கால் பிளாஸ்டிக் டைனோசர்,
செல்லாத குரோன் நாணயம்.
நோட்டின் முதல் பக்கத்தில்
எல்லா மையும் கரைந்தபின்னும்
பென்சிலில் நான் எழுதிய ஒரே சொல்:
வரவேற்கிறேன்.

கல்யு ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
காரின் டிக்கியில் ஒரு ஜோடி கையுறைதான் இருந்தது.
இடது எனக்கு, வலது அவனுக்கு.
சில்லு, ஊசித்தொப்பி, ஈரத்துணி
என்று ஆளுக்கொரு கையால் பொறுக்கினோம்.
பை கிழிந்தது.

பின்கதவு திறந்து
மேலங்கி போட்ட ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.
"என்ன தேடுகிறீர்கள்?"
இந்த ஆட்டத்தின் பழைய பொய்
நாக்கின் நுனியில் எப்போதும் தயார்.
"கான்டாக்ட் லென்ஸ் விழுந்துவிட்டது" என்றேன்.

அவள் எங்களைப் பார்த்தாள்,
ஒற்றைக் கையுறைகளைப் பார்த்தாள்.
"போன மாதமும் ஒருவர் தொலைத்தார்.
அதற்கு முன் ஒரு குடும்பமே தொலைத்தது.
இங்கே வருகிறவர்கள் யாருக்கும் கண் சரியில்லை."

உள்ளே போனாள்.
போய்விட்டாள் என்றுதான் நினைத்தோம்.
கனமான கறுப்புப் பையோடு திரும்பி வந்து
நீட்டினாள்.
"கிடைத்தால் இதில் போடுங்கள்."