மூக்கோடு மூக்கு

சோபாவை மிர்க்கா எடுத்துக்கொண்டாள்.
அதன் இடுக்கில் கிடந்த ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டும்
சொல்லிக்கொள்ளாமல் கூடவே போய்விட்டது.
ஆம்ப்ளிஃபயர் என் பங்கு.

மேசையில் மிச்சம் நான்கு.
டிவிக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு ஒன்று,
கேபிள் பெட்டிக்கு ஒன்று.
நான்காவது எதற்கென்று தெரியவில்லை.
எறியவும் மனமில்லை.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று வாங்கித் தொலை என்றார்கள்
வேலையிடத்தில்.
கடைக்குப் போனேன்.
முகம் முழுக்கக் கண்ணாடியாய் ஒன்று:
இருட்டில் விரலுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.
சத்தத்தைக் குறைக்கப் படத்தை விட்டுவிட்டு
அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.
இன்னொன்று, எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்டுத்தான்
என் டிவியை எழுப்புமாம்.
கம்பெனியை மூடிவிட்டால்? என்றேன்.
விற்கிற பையன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்,
பதில் அடியில் அச்சாகியிருக்கும் என்பதுபோல.

நான் தம்பெரேயில் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
பொத்தான்களோடு இருபத்தொரு வருடம்.
'கதவை மூடு' என்று எழுதியிருந்தும்
எந்தக் கம்பியோடும் சேராத பொத்தான்கள்
இந்த ஊரில் இரண்டு எனக்குத் தெரியும்.
ஜனங்கள் அழுத்துகிறார்கள்.
கதவு தனக்குத் தோன்றும்போது மூடுகிறது.
ஒருவரும் புகார் சொன்னதில்லை.

சரி, நானே செய்வது என்று உட்கார்ந்தேன்.
கட்டைவிரல் அகலத்தில் சர்க்யூட் போர்டு,
இன்ஃப்ரா ரெட் பல்பு ஒன்று,
கழற்றிப்போட்ட லிஃப்ட் பலகையிலிருந்து
அழுத்தினால் டக்கென்று ஒப்புக்கொள்ளும்
பொத்தான்கள் பன்னிரண்டு.
வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.
போன் கேமராவைக் காட்டினேன்:
கத்தரிப்பூ நிறத்தில் கண் சிமிட்டியது.
சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

டிவி மசிந்தது. பிளேயர் மசிந்தது.
ஆம்ப்ளிஃபயர் அசையவில்லை.
அதன் பாஷை எந்தப் பட்டியலிலும் இல்லை.
பழைய ரிமோட் வந்து
தன் வாயால் சொன்னால்தான் உண்டு.

'சோபாவின் இடது இடுக்கில் பார்' என்று எழுதினேன்.
'வலது' என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் இருபத்திரண்டு.
பிஸ்பலா மேட்டிலிருந்து
கோட்டின் வெளிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.
பேட்டரி விறைத்துப் பேச்சற்றுக் கிடந்தது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
கோட்டைக் கழற்றாமலே நின்றாள்,
ஜுரம் பார்ப்பவள் மாதிரி.

பிறகு இரண்டையும் மேசையில்
மூக்கோடு மூக்கு வைத்தோம், இரண்டு விரல் இடைவெளி.
அவள் அழுத்த, நான் சரி சொல்ல.
கூட்டு. குறை. அணை.
'இது என்ன, ஸ்டேடியமா?'
பதினோரு வருடத்தில் தொட்டதே இல்லை.
அழுத்தினாள்.
வானிலை வாசித்தவர் குரலுக்குப் பின்னால்
நாற்பதாயிரம் காலி நாற்காலிகள் எதிரொலித்தன.
சிரித்தோம். யார் முதலில் என்று கவனிக்கவில்லை.

'மியூட்?'
'வேண்டாம்' என்றேன்.
'நீ அதிகம் அழுத்தியது அதுதான், ரெய்யோ.'
ஒன்பதாவது பொத்தானில் ஏற்றிக்கொண்டேன்.

கடைசியாக, ஒரே அழுத்தில் எல்லாம்:
முதலில் டிவி, பிறகு ஏழு வினாடி சும்மா,
அப்புறம்தான் மற்றது.
'எதற்கு ஏழு?'
'அது எழுந்துகொள்ள அவ்வளவு நேரம் வேண்டும்.
அதற்குள் எதைச் சொன்னாலும் காதில் விழாது.'
'இதைத் தெரிந்துகொள்ள உனக்கு
ஒரு சர்க்யூட் போர்டு தேவைப்பட்டிருக்கிறது'
என்று காபிக் கோப்பையைக் கழுவினாள்.

கிளம்பும்போது மேசையில் கண் நின்றது.
நான்காவதைக் கையில் எடுத்தாள்.
'என் ஹீட்டருடையது.
நவம்பரிலிருந்து தேடுகிறேன்.'

இரவு ஒரு செய்தி: 'அறை சூடாகிவிட்டது.'
நல்லது என்று எழுதிவிட்டு அழுத்தினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று...
பன்னிரண்டாவது பொத்தானுக்கு
இன்னும் வேலை எதுவும் கொடுக்கவில்லை.